பிராதும் எதிர்க்கதையும்

'அன்னபூரணி' நல்ல படம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே எழுதப்போவதை ஒரு வணிகப் படத்துக்கான வக்காலத்து என்று எடுத்துக்கொள்ள நம்மிடையே ஆட்கள் இருக்கிறார்கள்.

2023 டிசம்பர் 1-ஆம் தேதி வெளியான படம். ஸ்ரீரங்கம் கோவிலுக்குப் பிரசாதம் சமைக்கும் ஒருவரின் பெண் பெரிய சமையல்காரியாக ஆசைப்படுகிறாள். அதற்குப் படிக்க வேண்டும், படித்தால் மாமிசத்தைத் தொட வேண்டும். வீட்டில் வேறு படிப்பு படிப்பதாகப் பொய் சொல்லிவிட்டு இதைப் படிக்கிறாள். இந்தப் பொய் ஒன்றுதான் படத்தில் உயிருள்ள விஷயம். இயக்குநர் நிலேஷ் கிருஷ்ணாவுக்கு அது தன் கையில் இருப்பதே தெரியவில்லை. அவசரமாக அதைத் தாண்டிப் போட்டி, சூழ்ச்சி, நாக்கில் ருசி போவது, ஜெயிப்பது என்று ஓடிவிடுகிறார். ஒரு பெண்ணின் ஆசை நியாயமானது என்று காட்ட அவள் எல்லோரையும் தோற்கடித்தாக வேண்டியிருக்கிறது. மூன்றாவதாக வந்திருந்தால் அப்பா சொன்னது சரியாகிவிடுமா? இந்தக் கேள்வி படத்தில் எழவே இல்லை.

தியேட்டரில் ஓடிய நாட்களில் பெரிய சத்தம் எதுவும் கிளம்பவில்லை. டிசம்பர் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகு மும்பையில் ஒருவர் போலீசில் புகார் கொடுத்தார். வனவாசத்தில் ராமன் மாமிசம் உண்டான் என்று ஒரு வசனம், பிரியாணி சமைக்குமுன் கதாநாயகி தொழுகை செய்கிற ஒரு காட்சி, முஸ்லிம் நண்பன் ஒருவன் - இவை குற்றங்கள். 2024 ஜனவரி 11-ஆம் தேதி படம் நெட்ஃபிளிக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. ஜீ ஸ்தாபனம் விசுவ ஹிந்து பரிஷத்துக்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்தது. ஒரு வாரம் கழித்து நயன்தாரா, 'ஜெய் ஸ்ரீராம்' என்று மேலே எழுதி, வருத்தம் தெரிவித்தார்.

இதில் என்னை உறுத்துவது கருத்துச் சுதந்திரம் பற்றிய பிரச்னை அல்ல. அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், பேசியும்விட்டார்கள். என்னை உறுத்துவது, சண்டை நடந்த அந்த வாரங்களில் அந்தப் பெண் எங்கே போனாள் என்பது. எதிர்த்தவர்கள் ராமனைப் பற்றிப் பேசினார்கள். ஆதரித்தவர்கள் வால்மீகியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்களும் ராமனைப் பற்றியே பேசினார்கள். இரண்டு பக்கமும் மான்கறி. அப்பனிடம் பொய் சொல்லிவிட்டுப் படிக்கப் போன ஒரு பெண்ணைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

ஒருவரும் என்று சொல்வது சரியில்லை. நான் வேலை பார்க்கும் கிளைக்கு விருத்தாசலம் செராமிக் பட்டறைகளிலிருந்து பெண்கள் குழுக்கடன் தவணை கட்ட வருவார்கள். அச்சில் களிமண் கரைசல் ஊற்றிப் பொம்மை வார்க்கிறவர்கள், வர்ணம் தீட்டுகிறவர்கள். அந்த ஜனவரியில் கவுண்ட்டர் முன்னால் நின்றபடி இரண்டு பேர் இந்தப் படத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். செல்போனில் பார்த்திருக்கிறார்கள். ராமன் பேச்சே வரவில்லை. பெத்தவரிடம் பொய் சொன்னது தப்பு என்றாள் ஒருத்தி. மற்றவள் நோட்டை எண்ணிக்கொண்டே, "நெசத்தச் சொல்லியிருந்தா படிக்க உட்ருப்பாங்களாக்கா?" என்றாள். மூத்தவள் பதில் சொல்லவில்லை. படத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதற்கு மேலான ஒன்று இல்லை. இயக்குநர் தவறவிட்ட இடத்தை அவள் சரியாகத் தொட்டுவிட்டாள்.

இனி 1966-க்குப் போக வேண்டும். அந்த வருஷம் 'ஆனந்த விகட'னில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழையில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். விதவையான அம்மா முதலில் அடிக்கிறாள், பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான். ஊரைக் கூட்டவில்லை, சாஸ்திரம் கேட்கவில்லை. ஒரு குடம் தண்ணீரில் விஷயம் தீர்ந்துவிட்டது என்பதைத்தான் வாசகர்களால் தாங்க முடியவில்லை. (இந்த ஊர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்ட சொ. விருத்தாசலம், அதாவது புதுமைப்பித்தன், 1943-ல் 'சாப விமோசன'த்தில் இதே நெருப்பை வேறு பக்கத்திலிருந்து தொட்டவர். அவருடைய அகலிகை, சீதை தீக்குளித்ததைக் கேட்டு மறுபடியும் கல்லாகிறாள்.)

எதிர்ப்பு பலமாக வந்தது. ஆனால் அது எந்த உருவத்தில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கண்டனங்களோடு நிற்காமல், முடிவை மாற்றி வேறு கதைகளே எழுதினார்கள். அவர்களைப் பெரிய மனதுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதை எழுத உட்கார்ந்தால் அந்தப் பெண்ணை மறுநாள் காலை எழுப்பியாக வேண்டும். அவளை எங்காவது உட்கார வைக்க வேண்டும், அவளுக்குச் சாப்பாடு போட வேண்டும். எவ்வளவு மோசமான எழுத்தாளனுக்கும் இந்தக் கட்டாயம் உண்டு.

ஜெயகாந்தன் செய்தது இதைவிடப் பெரிய காரியம். தன் முடிவுக்காக வாதாடிக்கொண்டிருக்காமல், எதிராளிகள் கேட்ட முடிவையே எடுத்துக்கொண்டார். சரி, அம்மா தண்ணீர் ஊற்றவில்லை, கத்தி ஊரைக் கூட்டினாள் என்றே வைத்துக்கொள்வோம், பிறகு என்ன ஆகும்? அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அண்ணன் துரத்துகிறான். ஆதரவு தரும் மாமாவின் கை எங்கெங்கோ போகிறது. கங்கா படிக்கிறாள், சம்பாதிக்கிறாள், ஆனால் வீட்டில் அவள் ஒரு கறை. பன்னிரண்டு வருஷம் கழித்து அம்மா பத்திரிகையில் ஒரு கதை படித்து அழுகிறாள்: தண்ணீர் ஊற்றிய அம்மாவின் கதை. எதிர்ப்பாளர்கள் கேட்டதைக் கொடுத்து, அதன் விலையையும் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். 1972-ல் சாகித்ய அகாதெமி பரிசு. 1977-ல் அ. பீம்சிங் படமாக்க, லட்சுமிக்கு தேசிய விருது கிடைத்தது. பீம்சிங்கின் கண்ணீர்க் குடும்பப் படங்கள் எனக்கு ஒத்துவராது. இருந்தும் அந்த மாமாவை வீட்டுக்குள் நடமாட விட்ட விதத்தில் அவர் ஜெயித்திருக்கிறார் என்பேன்.

அன்றைய எதிர்ப்பு கதை எழுதியது. இன்றைய எதிர்ப்பு மனு எழுதுகிறது. மனுவுக்குக் கற்பனை தேவையில்லை. நிமிஷத்தையும் வசனத்தையும் குறித்தால் போதும்.

இங்கே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவிலில் பிராது கட்டுவது என்று ஒரு வழக்கம். குறையை ஒரு தாளில் எழுதி, கட்டணம் செலுத்தி, முனியப்பர் சந்நிதியில் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். காரியம் முடிந்தால் திரும்பி வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அதாவது புகார் கொடுத்தவனுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது, அவன் மறுபடியும் சாமி முன்னால் வந்து நிற்க வேண்டும். சினிமாவின் மேல் பிராது கொடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

1973-ல் பாலசந்தரின் 'அரங்கேற்ற'த்துக்கு வந்த எதிர்ப்பிலும் கேள்வி ஒன்றுதான்: விபசாரம் செய்பவள் ஏன் பிராமணப் பெண்ணாக இருக்க வேண்டும்? அவள் ஏன் அப்படி ஆனாள் என்பதல்ல. 2025 ஜனவரியில் வர்ஷா பரத்தின் 'பேட் கேர்ள்' முன்னோட்டம் வந்தபோது அதே கேள்வி ஒரு எழுத்து மாறாமல் திரும்பி வந்தது, படத்தை அனேகமாக யாரும் பார்த்திராத நிலையில். பிறகு சிறுவர்களைச் சித்தரித்த விதத்தைக் காட்டி முன்னோட்டத்தை நீக்கச் சொல்லி மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. செப்டம்பரில் படம் வெளியாயிற்று. அதற்குள் பேச வேண்டியவர்கள் பேசி ஓய்ந்திருந்தார்கள்.

இம்மாதிரிப் படங்களுக்குப் பக்கங்களை வீணாக்குவானேன் என்று ஒரு கவிஞ நண்பர் கேட்டு எழுதியிருந்தார். மோசமான படத்தை மோசம் என்று சொல்ல அது முதலில் பார்க்கக் கிடைக்க வேண்டும். 'அன்னபூரணி'யை அதன் அசட்டுத்தனத்துக்காகக் கிழித்துப் போட எனக்கு இருந்த உரிமையையும் சேர்த்துத்தான் அந்த மும்பைக்காரர் எடுத்துக்கொண்டு போனார். நண்பருடைய அலட்சியம் அவருக்கு எவ்வளவு சௌகரியம் என்பதை நண்பர் யோசிக்கவில்லை.

படம் பிடிக்காதவர்களுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. முதல் நாளே மகள் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறாள் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து கதையை எழுதலாம். மடைப்பள்ளியிலிருந்து திரும்பிய அப்பா என்ன சொல்கிறார், ராத்திரி அந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள், மறுநாள் காலை அவள் எங்கே போகிறாள். யாராவது எழுதி அனுப்பினால் பத்து பக்கமானாலும் இந்தப் பத்திரிகையில் போடச் சொல்லி ஆசிரியரிடம் நானே கேட்கிறேன்.