படிக்கட்டும் பியானோவும்

லாரல், ஹார்டி இணையின் ‘தி மியூசிக் பாக்ஸ்’ (1932) முட்டாள்தனத்தின் உச்சம் என்றே பலரும் ரசிக்கிறார்கள். எனக்கு அது கடமையுணர்வு பற்றிய படமாகப் படுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் நூற்றுச்சொச்சம் படிகள் ஏறி ஒரு வீட்டில் பியானோவைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் கதை. யாராவது குறுக்கிட, பெட்டி தடதடவென்று கீழே ஓடும். உள்ளே தந்திகள் முனகும். (பேசும்பட வசதியை இதைவிட நன்றாகப் பயன்படுத்திய காட்சி குறைவு.) ஒருவழியாக உச்சிக்கு வந்தபின், வண்டிப்பாதை ஒன்று இருப்பதாகத் தபால்காரர் சொல்கிறார். உடனே இருவரும் பெட்டியைப் பழையபடி கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, முறையான வழியில் கொண்டுவருகிறார்கள். சோம்பேறிகளுக்கு இது தோன்றவே தோன்றாது.

ஒரே வேடிக்கையை அரைமணி நேரம் இழுக்கிறார்கள் என்பது ஒரு குறை. ஆனால் ஒவ்வொரு சரிவும் வேறு. ஒருமுறை பெட்டி ஹார்டியையே இழுத்துக்கொண்டு போகிறது. 1927இல் இதே படிகளில் சலவை இயந்திரத்தைச் சுமந்து எடுத்த மௌனப்படம் இன்று கிடைப்பதில்லை என்றாலும், அந்த ஒத்திகையின் பலன் இதில் தெரிகிறது. உழைப்பாளியைக் கேலி செய்வதாகச் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் படம் கடுமையாகக் கேலி செய்வது, பட்டங்களை அடுக்கி வழிவிடச் சொல்லும் பேராசிரியரைத்தான். மனைவி தனக்காக வாங்கிய பரிசு என்றறியாமல் பியானோவைக் கோடரியால் பிளப்பவர் அவர். நடுவே தேசிய கீதம் ஒலித்ததும் கோடரியை நிறுத்தி மரியாதை செய்பவரும் அவரே.