குற்றவாளி இல்லாத குற்றங்கள்

துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி யாரென்று தெரிந்தாக வேண்டும். அதற்கான தடயங்களும் வாசகரின் கண்முன் கிடந்திருக்க வேண்டும். 1930இல் லண்டனில் துப்பறியும் கதாசிரியர்கள் அமைத்த டிடெக்‌ஷன் கிளப், இந்த நியாயத்தை உறுப்பினர்களின் உறுதிமொழியாகவே ஆக்கியது. அதன்படி தெய்வ அருளாலோ தற்செயலாலோ துப்புத் துலங்கக் கூடாது. முக்கியத் தடயம் எதையும் ஒளிக்கக் கூடாது. கிளப்பின் முதல் தலைவர் ஜி. கே. செஸ்டர்டன். பின்னாளில் அப்பொறுப்புக்கு வந்தவர் டாரதி எல். சேயர்ஸ். இருவரும் கதைக்கு வெளியே சமூகத்தைப் பற்றி ஓயாமல் எழுதியவர்கள். அந்த எழுத்துகளைப் பிரபலங்களின் உபரி அபிப்பிராயங்கள் என்று ஒதுக்குவது எளிது. ஆனால், கதையால் கைது செய்ய முடியாத குற்றங்களைப் பின்தொடர்ந்துதான் அவர்கள் கட்டுரைக்குப் போனார்கள் என்று தோன்றுகிறது.

சேயர்ஸையே எடுத்துக்கொள்வோம். 1922 முதல் சுமார் ஒன்பது ஆண்டுகள் விளம்பர நிறுவனமொன்றில் வாசகம் எழுதிப் பிழைத்தவர் அவர். அந்த அனுபவத்திலிருந்து 1933இல் வந்த நாவல் 'மர்டர் மஸ்ட் அட்வர்டைஸ்'. அதில் கொகெய்ன் கும்பலொன்று, செய்தித்தாள் விளம்பரத் தலைப்பின் முதல் எழுத்தைச் சங்கேதமாகப் பயன்படுத்துகிறது. கொலையாளி யாரென்று துலங்குகிறது, கும்பல் சிதறுகிறது. ஆனால் வேண்டாத பொருளை வேண்டுமென்று ஏங்கவைக்கும் விளம்பரத் தொழில் மறுநாள் காலையும் வழக்கம்போல் நடக்கிறது. அதற்கு விலங்கு மாட்ட எந்தத் துப்பறிவாளராலும் ஆகாது. 1942இல், போர்க்காலச் சிக்கனத்தின் நடுவே, வேலை எதற்கு என்று கேட்டு சேயர்ஸ் ஆற்றிய உரை, நாவல் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. ஆலைகள் ஓடவேண்டும் என்பதற்காக மக்களை வாங்கவைக்கும் பொருளாதாரம் வீணடிப்பின் மேல் நிற்கிறது. வேலையைக் கூலியால் மட்டுமன்றி, செய்த பொருளின் தரத்தாலும் அளக்க வேண்டும் என்பது அவர் வாதம். பெண்களைக் குறித்த 1938 உரையிலும் இதே விசாரணைதான். நூற்பு, நெசவு, ஊறுகாய் போடுதல் என வீட்டிலிருந்த தொழில்களையெல்லாம் ஆலைகள் கொண்டுபோய்விட்டன. பிறகு பெண்கள் ஆண்களின் வேலையைப் பறிக்கிறார்கள் என்று புகார் எழுந்தது. திருட்டு உண்டு, திருடன் என்று ஒருவனைச் சுட்ட வழியில்லை.

கதைக்குள் அடங்காதவற்றைச் செஸ்டர்டனும் கட்டுரையில்தான் பின்தொடர்ந்தார். 1905 முதல் 1936இல் இறக்கும்வரை 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழில் வாராவாரம் எழுதினார். 'தகுதியற்றோர்' பிள்ளை பெறுவதைத் தடுக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கை படித்தவர்களிடையே மதிப்போடு உலவிய நாளில், 1922இல் அதை எதிர்த்து ஒரு நூலே வெளியிட்டார். இந்தியத் தேசியவாதம் போதிய அளவு இந்தியத்தன்மையோடு இல்லை என்று 1909இல் அவர் எழுதிய பத்தி காந்தியின் கவனத்தை ஈர்த்தது. அவ்வாண்டின் இறுதியில்தான் காந்தி 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதினார்.

கதையால் பிடிக்க முடியாத குற்றங்களைத் தேடியே இவர்கள் கட்டுரைக்குப் போனார்கள் என்பதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். இந்தத் துப்பறியும் கதை மரபு வாழ்க்கையிலிருந்தே விலகிய புதிர் விளையாட்டு என்று 1944இல் அமெரிக்கத் துப்பறியும் கதாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர் சாடினார்; சேயர்ஸையும் அவர் விட்டுவைக்கவில்லை. கதைகளை மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் உண்மை உண்டு. ஆனால் கதைவடிவத்தின் அந்தக் குறையே இவர்களைக் கட்டுரைக்குத் தள்ளியது என்பதற்கு அவருடைய சாடலும் ஒரு சாட்சியாகிறது. இரண்டாம் மறுப்பு வலுவானது: செஸ்டர்டனின் எழுத்தில் யூத வெறுப்பு இருக்கிறதே, தடயம் தேடும் பயிற்சி அங்கே எங்கே போனது? அதை மூடிமறைக்க முடியாது. ஓர் இனத்தை முதலில் குற்றவாளியாக்கிவிட்டுப் பிறகு சான்று தேடுவது, அவர் தலைமை ஏற்ற கிளப்பின் நெறிக்கே துரோகம். அந்த நெறி அவரைத் திருத்தவில்லை. ஆனால் அவர் எங்கே சறுக்கினார் என்று காட்டும் அளவுகோல் அதிலேயே இருக்கிறது. மர்மக் கதாசிரியர் சமூகத்தைப் பற்றிச் சொல்வதை அவருடைய புகழுக்காக நம்பவும் வேண்டாம், தொழிலுக்காகத் தள்ளவும் வேண்டாம். தடயத்தைக் காட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறாரா என்று பார்த்தால் போதும்.