டப்பா மேல இருக்கிறதும் உள்ள இருக்கிறதும்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் நாய்க்கு வயிறு கெட்டால் முதலில் தயிர்சாதம்தான். இப்போ புரோபயாடிக் பொடியும் வந்திருக்கு. கோடிக்கணக்கில் நல்ல பாக்டீரியா இருக்குன்னு டப்பா சொல்லுது. நம்பலாமா?

2011-ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வீஸும் மார்ட்டினும் விலங்குகளுக்கான 25 புரோபயாடிக்குகளைச் சோதித்தார்கள். லேபிளும் சரியாக இருந்து, சொன்ன அளவு பாக்டீரியாவும் இருந்தவை இரண்டே இரண்டு.

அதே வருஷம் வெளியான ஒரு அமெரிக்கக் காப்பக ஆய்வில் என்டரோகாக்கஸ் ஃபீசியம் எஸ்எஃப்68 கொடுத்துப் பார்த்தார்கள். பூனைகளுக்கு நீடித்த பேதி குறைந்தது. நாய்களிடம் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. அவற்றில் பேதி வந்ததே குறைவு.

அதனால் பொத்தாம்பொதுவா "நல்ல பாக்டீரியா"ன்னு சொன்னா பத்தாது. எந்த ரகம், எத்தனை, எந்தத் தேதி வரை உயிரோட இருக்கும்னு லேபிள் சொல்லணும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் கடை அலமாரியில் கிடந்த டப்பான்னா இன்னும் யோசிக்கணும். வீட்டுத் தயிரில் இந்தக் கணக்கு எதுவுமே கிடையாது.

லேசான பேதிக்கு இதெல்லாம் பேசலாம். தடுப்பூசி போடாத குட்டி வாந்தி எடுத்து, ரத்தமா போனால் பார்வோ வைரஸாக இருக்கலாம். பொடி கலக்கிக் கொடுத்துட்டு நாளைக்குப் பார்ப்போம்னு இருந்தால், நீர்ச்சத்து வற்றியே குட்டி செத்துடும். உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிட்டு ஓடுங்க.