செவியும் கருவியும்: ஸ்டார்ட் ஆகாத இன்ஜினைச் சோதிக்கும் முறை

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸில் சுரங்கம் நடந்த காலத்தில், பூமிக்கடியில் வேலைக்கு இறங்கிய தொழிலாளி கம்பியால் மேற்பாறையைத் தட்டிப் பார்த்து, எழும் ஓசையைக் கொண்டே அது உறுதியாக நிற்கிறதா, பெயர்ந்து விழக் காத்திருக்கிறதா என்று நிர்ணயிப்பது வழக்கம். 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் செவியை நம்பித் தொழில் செய்யும் முறை, அவ்வூரின் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை போன்ற இடங்களின் கார்ப் பட்டறைகளில் இன்றும் ஜீவித்திருக்கிறது. “செல்ஃப் அடிக்குது, ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகல” என்று வருகிறவரிடம் அம்முறை எவ்வளவு தூரம் பயன்படுகிறது, எங்கே தவறிப் போகிறது என்பது ஆராயத்தக்க விஷயமாகும்.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் இன்ஜின் உயிர் பெறுவதற்குக் காற்று, எரிபொருள், தகுந்த தருணத்தில் தீப்பொறி, போதிய கம்ப்ரஷன் ஆகிய நான்கும் அவசியம்; இவற்றுள் எது இல்லை என்பதை அனுபவஸ்தர் ஒரு ரூபாய்ச் செலவுமின்றிப் பெரும்பாலும் அனுமானித்து விடுகிறார். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் பின்னிருக்கையின் அடியிலிருந்து ஓரிரு விநாடிகள் எழ வேண்டிய ரீங்காரம் கேட்கவில்லையென்றால், எரிபொருள் பம்ப், அதன் ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றின் மீது சந்தேகம் செல்கிறது. கழற்றிய பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வந்து சேர்ந்திருக்கிறது, பற்றவில்லை என்பது விளங்குகிறது. இன்ஜின் வழக்கமான ஏற்ற இறக்கமின்றி இலகுவாகவும் வேகமாகவும் சுழன்றால், டைமிங் பெல்ட் அறுந்து கம்ப்ரஷன் போயிருக்கலாம் என்று அச்சுழற்சியின் ஓசையே அறிவித்துவிடுகிறது.

குறை எங்கே தொடங்குகிறதென்றால், அனுமானம் பரீட்சையின் ஸ்தானத்தைக் கைப்பற்றிக்கொள்ளும் இடத்தில். அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய நாட்களில் பாயிண்டைத் தேய்த்து, கார்புரேட்டரைக் கழுவினால் பாதிக் கோளாறுகள் தீர்ந்தன. 2000ஆம் ஆண்டையொட்டி வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பின் பெட்ரோல் கார்களில் எரிபொருளைக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறை பரவியது. இன்ஜினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்ஸாரின் சமிக்ஞை வராவிட்டால், பல கார்களில் கம்ப்யூட்டர் தீப்பொறியையும் எரிபொருளையும் ஒருங்கே நிறுத்திவிடுகிறது. இதை உணராத மெக்கானிக் காயிலை மாற்றி, பிளக்குகளை மாற்றி, இறுதியில் பம்பையும் மாற்றுகிறார். வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, மூன்று பாகங்களின் கிரயத்தையும் உரிமையாளர் செலுத்துகிறார். வயரைப் பிடுங்கித் தீப்பொறி பார்க்கும் பழைய யுக்தி இக்காலத்துக் காயிலையும் கம்ப்யூட்டரையும் கெடுக்கக்கூடும். காற்றுக் குழாயில் பெட்ரோல் ஊற்றிப் பார்ப்பதோ தீவிபத்துக்கு இடமளிக்கும் அபாயச் செயல்.

ஆகவே காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீட்டை, அதாவது கோட்-ஐ, படிக்கும் ஸ்கேனரே போதும் என்று சொல்வாரும் உளர். அதுவும் பூரண உண்மையன்று. கிராங்க் சென்ஸாரின் பெயரால் திரையில் தோன்றும் கோட், அந்த மின்பாதையில் கோளாறு இருப்பதை மாத்திரமே கூறுகிறது. எலி கடித்த வயரும், களிம்பு பிடித்த கனெக்டரும், தளர்ந்த எர்த்தும் அதே கோட் தோன்றக் காரணமாகக்கூடும். கோட் தோன்றியவுடன் சென்ஸாரை வாங்குகிறவர், காதால் கேட்டவுடன் காயிலை வாங்கியவரைவிட எவ்விதத்திலும் மேலானவரல்லர். மல்டிமீட்டரை வைத்து மின்சாரம் எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று நிதானமாகத் தொடர்ந்து செல்வதே இருவருக்கும் பொதுவான பரிகாரம்.

தங்கவயலின் சரித்திரமே இதற்குச் சாட்சி. ஆழ்ந்த சுரங்கங்களில் பாறைகள் திடீரென வெடித்துச் சிதறிய அபாயத்துக்குக் கம்பியும் செவியும் மட்டும் போதாமையால் அதிர்வுமானிகள் நிறுவப்பட்டன. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் 1988இல் அங்கேயே தோன்றியது. பட்டறைக்கும் அந்த விவேகம் வேண்டும்: செவி சந்தேகத்தை எழுப்பட்டும், கருவி அதை நிரூபிக்கட்டும், அதன் பின்னரே பாகம் மாறட்டும். வாகனம் வைத்திருப்போருக்கும் ஒரு கடமையுண்டு: புதிய பாகத்துக்குப் பணம் தருமுன், “எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?” என்று மரியாதையுடன் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் அக்கேள்விக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார்.