காபனீரொட்சைட்டு: ஒரு பெயரின் தமிழ்மை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தமிழ்மொழிமூலம் இரசாயனம் பயிலும் மாணவர் தமிழ்நாட்டு நூலொன்றைப் புரட்டுங்கால் ‘கரியமிலவாயு’ என்னும் பெயரைக் காண்பர். அவர்தம் பாடநூலிலோ அதே வாயு ‘காபனீரொட்சைட்டு’. முன்னையது தமிழ், பின்னையது வெறும் ஒலிபெயர்ப்பு என்பது பரவலான கருத்து. இது மறுபரிசீலனைக்குரியது என்பதே எமது துணிபு.

கரியமிலவாயுவைப் பிரித்தால் கரி, அமிலம், வாயு என நிற்கும். பின்னிரண்டும் வடமொழிவழி வந்தவை. பொருளோ பிரான்சிலிருந்து வந்தது. 1787இல் லவோசியரும் அவர்தம் சகாக்களும் வகுத்த பெயரீட்டில் இவ்வாயு ‘கரியின் அமிலம்’ எனப்பட்டது. அமிலத்தன்மைக்கு ஒட்சிசனே காரணம் என லவோசியர் கொண்டார். ‘ஒட்சிசன்’ என்பதற்கே கிரேக்கவழி ‘அமிலம் பிறப்பிப்பது’ என்று பொருள். ஐதரோக்குளோரிக்கமிலத்தில் ஒட்சிசன் இல்லையென 1810இல் டேவி காட்டியதோடு அக்கொள்கை ஆட்டங்கண்டது. இவ்வாயு நீரிற் கரைந்தே காபோனிக்கமிலத்தைத் தருகிறது. தெளிதமிழ் என நாம் போற்றும் பெயர், வீழ்ந்த கொள்கையொன்றின் மொழிபெயர்ப்பாகும்.

இனி மற்றதை நோக்குவோம். காபன், ஈர், ஒட்சைட்டு என்பன அதன் உறுப்புகள். ‘இரு’ என்பது உயிர்முன் ‘ஈர்’ ஆதல் தமிழ்ப் புணர்ச்சி. ஈராண்டு என்பதிற் போல. ‘ஒரு’ என்பது ‘ஓர்’ ஆகக் காபனோரொட்சைட்டு பிறக்கிறது. கந்தகமூவொட்சைட்டில் வருவது ‘மூவுலகு’ என்பதில் வரும் அதே வகரம். ‘ட்சி’ என்னும் ஒலிகூடப் புதிதன்று. ‘பரீக்ஷா’ பரீட்சையான வழியிலேயே அது வந்தது. (அச்சொல்லை மாணவர் மறக்க வழியில்லை!) உறுப்புகள் அயலன, அவற்றைக் கட்டிய இலக்கணம் தமிழ். அணுக்களின் எண்ணிக்கையும் பெயரிலேயே வெளிப்படுகிறது.

ஒலிபெயர்ப்பு இந்நாட்டில் நேற்றுத் தோன்றிய சோம்பலுமன்று. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த கிறீனின் இரசாயன நூல் 1875இல் ‘கெமிஸ்தம்’ என்ற பெயரிலேயே வெளிவந்தது.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் நேர்மையாகாது. காபனீரொட்சைட்டு நாம் வெளிவிடும் மூச்சில் உள்ளது. காபனோரொட்சைட்டோ குருதியின் ஈமோகுளோபினைப் பற்றி உயிரைக் குடிப்பது. மணமற்றது, நிறமற்றது. இரண்டின் பெயரையும் பிரிப்பது ஓரெழுத்து மட்டுமே. வகுப்பறையில் அது போதும். பூட்டிய அறையில் மின்பிறப்பாக்கியை இயக்கும் தொழிலாளிக்குப் போதாது. கரியமிலவாயு என்னும் அச்சும் அவருக்கு உதவாது. அதில் மற்ற வாயுவுக்கு இடமேயில்லை. எச்சரிக்கைப் பலகை எழுதுவோர் காபனோரொட்சைட்டு என எழுதியபின், அருகே ‘கொல்லும் நச்சுவாயு’ என்றும் எழுதுக.