பட்டினப்பாலையில் காவிரியின் கடல்முகம்

பத்துப்பாட்டுள் ஒன்பதாவதாக நிற்கும் பட்டினப்பாலை 301 அடிகளையுடையது. வெள்ளிமீன் தன் நிலை திரிந்து தெற்கே சென்றாலும், மழைத்துளியையே உணவாகக் கொள்ளும் வானம்பாடி வாடினாலும், மழை பொய்த்தாலும் காவிரி பொய்யாது என்று உருத்திரங்கண்ணனார் பாட்டைத் தொடங்குகிறார். இதனை நாட்டுவளம் மிகுத்துரைக்கும் உயர்வுநவிற்சி எனக் கொண்டு மேற்செல்வார் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை.

காவிரி தோன்றும் குடகுமலை, சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றால் மழை பெறுவது. சோழநாட்டுக் கடற்கரைக்கோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழையே பெருமழை. ஆகவே, சோழநாட்டு வானம் வறண்டிருக்கும் காலத்திலேயே ஆற்றில் புதுவெள்ளம் பெருகி வருதல் கண்கூடு. புலவர் காவிரிக்கு மலையைத் தலையாகவும் கடலை எல்லையாகவும் ஒருங்கே சுட்டியது இதனாற் பொருளுடையதாகிறது. பொய்த்தது எந்நிலத்து வானம் எனப் பாட்டு வெளிப்படக் கூறவில்லை. அது சோழநாட்டு வானம் என்பது எம் துணிபு.

இத்துணிபுக்கு அரணாக நிற்பது, ஆறு கடலொடு கலக்கும் இடத்துக்குப் புலவர் தரும் இரண்டு உவமைகள். மலையை அணைந்த முகிலையும், தாயின் மார்பைத் தழுவிய குழவியையும் அவர் காட்டுகிறார். முன்னதில் நிறப்பொருத்தம் கண்டு அமைவது போதாது. முகில் கடல்நீரை முகந்து மலைக்குச் சென்றது. ஆறு மலைநீரைச் சுமந்து கடலுக்கு வந்தது. ஒன்று மற்றொன்றின் மறுதலை. பின்னதிலோ ஆறு குழவி, கடல் தாய். பாலுண்ண வந்த குழவிக்குத் தாயின் மடி முடிவிடம் ஆகாது. ஆறு கடலில் அழிகிறது என்னாமல், தன்னை ஈன்றாளிடம் மீள்கிறது என்கிறார் புலவர்.

இக்கருத்துச் சுங்கத்துறையைப் பாடுமிடத்தில் முழுமை பெறுகிறது. கடலிலிருந்து கரையேறும் பண்டமும் கரையிலிருந்து கடலேறும் பண்டமும் அளவின்றிக் குவிந்து புலிப்பொறி பெறுகின்றன. அதற்கு உவமை, முகில் முகந்த நீர் மலையிற் பொழிதலும், பொழிந்த நீர் கடலிற் பரத்தலுமே. தொடக்கத்தில் காவிரியின் ஒரு வழியைக் கூறியவர், ஈண்டு நீரின் இருவழியையும் கூறிவிடுகிறார். வாணிகப் பகுதி ஒட்டுப்போட்டது போல் நிற்கிறது எனக் குறை காண்பார் இத்தொடர்பை நோக்கினாரல்லர். கடலாடியோர் உப்புப் போக ஆற்றில் மீண்டும் நீராடும் செய்தியும், இருநீரும் அருகருகே கிடக்கும் கழிமுகத்தை நேரிற் கண்டார்க்கே தோன்றுவது.

இன்று பூம்புகாரில் கடலடையும் காவிரி மெலிந்தது. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடமே வெள்ளத்தின் பெரும்பகுதியைக் கொண்டு செல்கிறது. 1934இல் முடிந்த மேட்டூர் அணையும் நீரைத் தேக்குகிறது. இன்றைய ஓடையை அளவுகோலாக்கிப் பாட்டை மிகை என்பது முறையன்று. பூம்புகாரை அடுத்த கீழையூரில் அகழ்ந்து காணப்பெற்ற செங்கற் படகுத்துறை நினைக்கத்தக்கது.

இதே கடற்கரையில் கானல்வரி பாடப்படுகிறது. அங்கே இளங்கோவடிகள் காவிரியைச் சோழனின் ஊடாத மனைவியாக்கி, பின்னர் அவன் நாட்டை மகவாய் வளர்க்கும் தாயுமாக்குகிறார். உருத்திரங்கண்ணனார்க்குக் குழவியாயிருந்த ஆறு அவர்க்குத் தாயாகிறது. ஒருவர் கடலை நோக்கி நின்று பாடினார். மற்றவர் கடலுக்குப் புறங்காட்டி வயலை நோக்கினார்.