எடுத்ததற்கு ஒரு மதிப்பெண், அச்சிட்டதற்கு ஒரு மதிப்பெண்

கேமரா கிளப்பின் பிரிண்ட் போட்டி மாலையை விளையாட்டுப் பக்கத்தில் அலசுவது பொருத்தமானதே. ஜிம்னாஸ்டிக்ஸ், டைவிங், ஸ்கேட்டிங் போல அதுவும் நடுவரின் கண்ணை நம்பி நடக்கிற ஆட்டம். எடுத்தவர் பெயர் மறைக்கப்பட்ட படங்கள் ஒவ்வொன்றாக ஸ்டாண்டில் ஏறுகின்றன. நடுவர் நெருங்கிப் பார்க்கிறார், இரண்டடி பின்வாங்கிப் பார்க்கிறார், கிளாசி தாளின் பளபளப்பு மறைக்கிறதா என்று படத்தைச் சற்றுச் சாய்த்துப் பார்க்கிறார். பிறகு நாலு வார்த்தை சொல்லிவிட்டு இருபதுக்கு ஒரு மதிப்பெண் போடுகிறார். குறை அந்த ஒற்றை எண்ணில்தான் இருக்கிறது. மேடையில் நிற்பது இரண்டு திறமைகளின் கூட்டு விளைவு. சரியான இடத்தில் சரியான நொடியில் நின்று படம் எடுப்பது ஒரு திறமை. எடுத்ததைத் தாளில் முழுமையாக இறக்குவது இன்னொரு திறமை. இரண்டுக்கும் சேர்த்து ஓர் எண் போடும்போது, கண்ணை முதலில் இழுக்கிற காட்சி மதிப்பெண்ணை அள்ளிக்கொள்கிறது. அச்சுவேலை கணக்கில் வராமல் போகிறது. ஆகவே பிரிண்ட் போட்டியில் எடுத்ததற்கும் அச்சிட்டதற்கும் தனித்தனி மதிப்பெண் வேண்டும் என்பதே இந்த அலசலின் வாதம்.

நடுவர் தீர்ப்பில் ஓடும் மற்ற ஆட்டங்கள் இந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்துவிட்டன. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் 14 வயது நாடியா கோமனேச்சி முழுப் பத்து வாங்கியபோது, அந்த எண்ணைக் காட்ட வசதியில்லாத பலகையில் 1.00 என்றுதான் வந்தது. முழுமைக்கு அடையாளமாக இருந்த அந்தப் பத்தையே 2006இல் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு கைவிட்டு, கடினத்துக்கு ஒன்று, செய்நேர்த்திக்கு ஒன்று என்று மதிப்பெண்ணைப் பிரித்தது. அதன் பயனை இந்திய ரசிகர்கள் 2016 ரியோவில் கண்கூடாகக் கண்டார்கள். தீபா கர்மாகரின் புரோடுனோவா தாவலுக்குக் கடினத்தில் 7.000, செய்நேர்த்தியில் 8.266 கிடைத்தன. அவருடைய இன்னொரு தாவல் கடினம் குறைந்தது; ஆனால் செய்நேர்த்தியில் 8.866. இரண்டின் சராசரி 15.066. வெண்கலம் வாங்கியவர் 15.216. பதக்கம் நழுவிய அந்த 0.150 எங்கே போனது என்று பயிற்சியாளரும் பார்வையாளரும் வரி வரியாகப் பேச முடிந்தது. துணிச்சலில் குறையில்லை, தரையிறங்கியதில் குறை என்பது எண்ணிலேயே எழுதியிருந்தது. பழைய முறையில் ஒரே எண் மட்டும் வந்திருந்தால் ‘நாலாவது இடம்’ என்ற வருத்தத்தோடு பேச்சு முடிந்திருக்கும்.

படத்தை அச்சிடுவது உண்மையிலேயே தனித் திறமைதானா, எடுத்ததன் தொடர்ச்சி மட்டும்தானே என்று கேட்கலாம். நம் ஊர் வரலாறே அதற்குப் பதில் சொல்கிறது. மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சாவூர், மதுரை, ஸ்ரீரங்கம் எல்லாம் சுற்றிப் படமெடுத்தார். அவர் பயன்படுத்திய காகித நெகட்டிவ்களில் வானம் வெளிறிப் போகும், மரங்கள் கருத்துப் போகும். அவர் நெகட்டிவின் மேலேயே நிறம் தீட்டி மேகங்களையும் இலைகளையும் மீட்டெடுத்த பிறகுதான் அச்சிட்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அச்சுகளை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே சுருளாக்கினார். அந்தச் சுருளில் ஓர் அச்சு கருத்து அடுத்தது வெளுத்திருந்தால் கல்வெட்டின் ஓட்டமே அறுந்துவிடும். அதைக் காப்பாற்றியது அச்சிட்ட நேர்த்தி. உலக அளவில் பார்த்தால், ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவு எழும் படம் இருக்கிறது. ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகளை அவர் போட்டார். தொடக்க கால அச்சுகளில் வானத்தில் மேகத்தீற்றல் தெரியும். பிற்கால அச்சுகளில் வானம் ஏறத்தாழ முழுக் கறுப்பு. எடுத்தது ஒரே நொடி. அச்சில் அவர் வளர்ந்துகொண்டே போனார். ஒரு திறமை நின்ற இடத்தில் நிற்க, மற்றொன்று மேலே மேலே ஏற முடிகிறது என்றால் அவை இரண்டும் வேறு வேறுதான்.

இதைக் கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பூவராகசுவாமி கோயிலின் பதினாறு கால் மண்டபத்துச் சிற்பத் தூண்களைப் போல, நிழலில் நிற்கும் கருங்கல்லைப் பகலில் ஒருவர் படமெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே நிழல். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒளி வித்தியாசம் ஆயிரம் மடங்கைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆனால் கிளாசி தாள் தரக்கூடிய வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான வித்தியாசம் ஏறக்குறைய நூறு முதல் இருநூறு மடங்கு. மேட் தாளில் ஐம்பதை ஒட்டித்தான் வரும். இந்தச் சின்ன இடைவெளிக்குள் தூணில் செதுக்கிய குதிரையின் சேணத்தில் உளி ஓடிய கோடும் தெரிய வேண்டும், பிராகாரத்துத் தரையின் வெளிச்சமும் வெற்றுத் தாளாகிவிடக் கூடாது. நிழலை எவ்வளவு திறப்பது, வெளிச்சத்தை எங்கே அடக்குவது, கல்லின் கறுமையில் நீலம் ஏறாமல் எப்படிக் காப்பது, எந்தத் தாள் இந்தப் படத்துக்குப் பொருந்தும் என்று அச்சிடுபவர் எடுக்கும் முடிவுகள் ஒவ்வொன்றும் தாளில் நிரந்தரமாகப் பதிகின்றன. போன் திரையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துத் தப்பித்துக்கொள்ளலாம். அச்சில் அந்த வழி கிடையாது. போட்டியாளர் கொடுத்த அதே பொருளைத்தான் நடுவரும் பார்க்கிறார். நேர்மையான போட்டிக்கு இதைவிட நல்ல களம் அமையாது.

இப்போது அதே மாலையில் இன்னொரு படம் ஸ்டாண்டில் ஏறுவதாகக் கொள்வோம். மாசி மகத்துக்குப் பூவராகர் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார். வழியில் தர்கா முன்னால் இஸ்லாமியர்கள் மரியாதை செய்கிறார்கள். நெஞ்சைத் தொடும் காட்சி. அதை நல்ல கோணத்தில் பிடித்தவர் பாராட்டுக்குரியவர். ஆனால் அச்சில் முகங்கள் எல்லாம் கருத்து அடைத்து, கடற்கரை மணல் வெளுத்து, மாலைப் பூக்களின் விளிம்பில் அளவுமீறிய ஷார்ப்னஸால் வெள்ளைக் கோடு ஓடுகிறது என்றால்? ஒற்றை எண் முறையில் இந்தப் படம் 17 வாங்கும். நுணுக்கமாக அச்சிட்ட அமைதியான தூண் படம் 15இல் நிற்கும். பிரித்துப் போட்டால் முதலாவது பத்துக்கு 9, பத்துக்கு 5. இரண்டாவது 7, 9. முடிவே மாறுகிறது. அதைவிட முக்கியம், இருவருக்கும் அடுத்த மாதம் எதைப் பயில வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. 15 என்ற எண் அதைச் சொல்லாது.

கலைப்படைப்பு முழுமையானது, அதைக் கூறுபோடக் கூடாது என்பது முதல் ஆட்சேபம். அதில் நியாயம் இருக்கிறது. கண்காட்சியில் படம் பார்க்கிற யாரும் இரண்டு பத்தியில் மார்க் போட்டுக்கொண்டு ரசிப்பதில்லை. ஆனால் எண் போட ஒப்புக்கொண்ட மறுநொடியே நாம் கண்காட்சியை விட்டுப் போட்டிக்குள் வந்துவிட்டோம். தீபாவின் தாவலும் சில நொடிகளில் முடிந்த ஒரே முழு அசைவுதான். இரண்டு எண் போட்டதால் தாவல் உடையவில்லை, பார்வைதான் கூர்மையானது. அடுத்த ஆட்சேபம் லேப் பற்றியது: பெரும்பாலோர் லேபில் கொடுத்துத்தான் பிரிண்ட் போடுகிறார்கள், அந்த மதிப்பெண் லேப்காரருக்குத்தானே போகும்? பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியர்-பிரெஸ்ஸோன் தம் படங்களைத் தாமே அச்சிடவில்லை. பாரிஸில் பியர் காஸ்மான் 1950இல் தொடங்கிய லேப் அவருக்காக அச்சிட்டது. அச்சு எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது அவர்தான். சிதம்பரத்திலோ கடலூரிலோ லேபில் கொடுப்பவரும் ஃபைலைத் தயார் செய்கிறார், தாளைத் தேர்ந்தெடுக்கிறார், சோதனைப் பிரிண்ட் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறார். மதிப்பெண் அந்தத் தீர்மானத்துக்கு.

வலுவான ஆட்சேபம் பணம் பற்றியது. அச்சுக்குத் தனி மதிப்பெண் என்றால் விலையுயர்ந்த தாளும் சொந்த பிரிண்டரும் வைத்திருப்பவர் ஜெயிப்பார், சின்ன ஊரிலிருந்து வருகிற மாணவர் தோற்பார் என்ற அச்சம் உண்மையானது. இதற்கு விதியால்தான் பதில் சொல்ல வேண்டும். 12க்கு 18 அங்குலம் என்ற வழக்கமான பெரிய அளவோடு 8க்கு 12 பிரிண்டையும் அனுமதித்து, அளவுக்கும் மவுண்டுக்கும் மதிப்பெண் கிடையாது என்று எழுதிவைக்கலாம். சாதாரண லேப் தாளிலேயே நிழல் திறக்கும், வெளிச்சம் அடங்கும். அந்த வித்தை அறிவில்தான் இருக்கிறது. பார்க்கப்போனால் ஒற்றை எண் முறைதான் வசதியுள்ளவருக்குச் சாதகம். லடாக், கென்யா என்று போய் வந்தவர் காட்சியின் பலத்திலேயே முன்னே நிற்கிறார். தெருமுனையில் எடுத்ததைச் செம்மையாக அச்சிடுகிறவருக்கு இரண்டாவது பத்திதான் வாய்ப்பைத் திறக்கிறது.

விதி பெருகினால் தகராறும் பெருகும் என்பார்கள். 2002 சால்ட் லேக் சிட்டி ஜோடி ஸ்கேட்டிங் ஊழலுக்குப் பின், இரண்டாவது ஜோடிக்கும் தங்கம் கொடுக்க வேண்டி வந்து, அந்த ஆட்டமும் பழைய 6.0 முறையை விட்டு ஒவ்வொரு அசைவுக்கும் தனி மதிப்பெண்ணுக்கு மாறியது. வாக்குவாதம் நிற்கவில்லை, ஆனால் இன்று எந்த அசைவுக்கு ஏன் குறைந்தது என்று சுட்டிக்காட்டி வாதாட முடிகிறது. கிளப்புக்கும் அந்த அளவு போதும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சரியாக வேண்டும்: விளக்கு. அச்சைப் பார்த்து மதிப்பிட ஐஎஸ்ஓ 3664 தரவரையறை 5000 கெல்வின் ஒளியைச் சொல்கிறது. சாதாரண மதிப்பீட்டுக்கு 500 லக்ஸ். மங்கிய டியூப்லைட் கீழே நிழலைத் தேடிவிட்டு ‘அடைத்துப் போயிருக்கிறது’ என்று நடுவர் சொன்னால் அது அநீதி. நல்ல வெண்ணிற எல்இடி விளக்குகள் இரண்டு வாங்கிப் படம் வைக்கும் இடத்தின் இருபுறமும் சாய்த்து வைப்பது எந்தச் சிறு கிளப்புக்கும் கட்டுப்படியாகும். சென்னையில் 1857 முதல் புகைப்படச் சங்கம் என்ற மரபு இருக்கிற மாநிலம் இது. ஸ்ரீமுஷ்ணத்தில் நாளை நாலு பேர் சேர்ந்து கிளப் தொடங்கினாலும், முதல் போட்டிக்கு முன்னால் மதிப்பெண் தாளில் ஒரு கோடு கிழித்து இரண்டு பத்தியாக்கிக்கொள்ளட்டும். தோற்றவர் காரணம் தெரிந்து வீட்டுக்குப் போகிற போட்டிதான் ஆட்டக்காரர்களை வளர்க்கும்.